காலணாப் பொட்டலமும் ஒரு சொட்டு ரத்தமும்

1897-ஆம் ஆண்டுக் கோடையில் ரொனால்டு ராஸ் உதகமண்டலத்துக்கு வந்தார். மலேரியா எப்படிப் பரவுகிறது என்ற கேள்வி அவரை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஊட்டியின் குளிரில் அந்தக் காய்ச்சல் இல்லை. மலையிலிருந்து மைசூர்ப் பக்கம் இறங்கும் சீகூர்ச் சரிவில் இருந்தது. அதைத் தேடிக்கொண்டு ராஸ் அங்கேயே போனார். இரவில் ஜன்னல்களை அடைத்துவிட்டுக் கொசுவலைக்குள்தான் படுத்தார். ஆனாலும் சில நாட்களில் அவரையே காய்ச்சல் பிடித்துக்கொண்டது. தேறி வேலைக்குத் திரும்பியவர், அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வந்து சில நாளில் ஒரு மருத்துவரைப் படுக்கையில் தள்ளிய அந்தக் காட்டில், மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தார்கள். தேன் எடுத்தார்கள், கிழங்கு தோண்டினார்கள், பிள்ளை பெற்று வளர்த்தார்கள். அவர்களிலும் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் உண்டு. ஆனால், கூட்டமே அழிந்துவிடாமல் எது காத்தது? அந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி அவர்களுடைய ரத்தத்திலேயே இருந்தது. அதைப் படிக்க அறிவியலுக்கு இன்னும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அந்த விடைக்கு அந்த மக்கள் கொடுத்துக்கொண்டிருக்கும் விலை என்ன, அதில் நம் பங்கு என்ன என்பதைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

மரம் சொன்ன விடை

மலேரியாவுக்கு மனிதன் கண்ட முதல் நல்ல மருந்துகளில் ஒன்று ஒரு மரப்பட்டை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டை காய்ச்சலை அடக்கும் என்பது ஐரோப்பாவுக்குப் பதினேழாம் நூற்றாண்டிலேயே தெரியும். 1820-இல் பாரிஸில் பெல்லெட்டியே, காவந்தூ என்ற இருவர் அந்தப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். கசப்பு, தாவரங்களின் தற்காப்பு. தம்மைத் தின்ன வருகிறவற்றை விரட்ட அவை சமைத்துவைத்திருக்கும் வேதிப்பொருள்களில் குயினைனும் ஒன்று. எந்தெந்த நொதிகளின் துணையோடு, எந்தெந்தப் படிகளில் சின்கோனா இதைச் சமைக்கிறது என்பதைத் தாவர உயிரியலாளர்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக அவிழ்த்துவருகிறார்கள்.

அந்த மரம் நீலகிரிக்கும் வந்தது. 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் பெரு, ஈக்வடார் பகுதிகளிலிருந்து விதைகளும் நாற்றுகளும் கொண்டுவரப்பட்டன. உதகை தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கைவர், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அவற்றை வளர்த்தெடுத்தார். நடுவட்டத் தோட்டத்தில் உழைத்தவர்களில் தென்கிழக்காசியக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. அவர்களை அடைத்துவைத்த சிறைக் கட்டடம் கூடலூர் போகும் சாலையோரம் இன்றும் நிற்கிறது. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது.

பிரிட்டிஷ் அரசு இதையெல்லாம் கருணையினால் செய்யவில்லை. படையும் தோட்டமும் நடக்க வேண்டும். காய்ச்சலில் விழுந்தவர்களை வைத்துக்கொண்டு இரண்டும் நடக்காது. ஆனாலும், அதில் ஒரு செயலை நாம் மறக்கக்கூடாது. 1890-களில் வங்காளத்தில் தொடங்கி, குயினைன் தூளைச் சிறு பொட்டலமாகக் கட்டி, காலணா விலையில் அஞ்சலகங்களில் விற்றார்கள். மருத்துவமனை இல்லாத ஊரிலும் தபால் ஆபீஸ் இருந்தது. மருந்தைத் தேடி மனிதன் போகாமல், மனிதன் இருக்கும் இடத்துக்கு மருந்தை அனுப்பும் எண்ணம் அது. 130 ஆண்டுகளுக்கு முன்பு, காசநோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரையே இல்லாத காலத்தில் தோன்றிய எண்ணம். அந்தப் பொட்டலத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உடல் சொன்ன விடை

1910-இல் சிகாகோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர், கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து படிக்க வந்திருந்த ஓர் இளைஞரின் ரத்தத்தைப் பற்றி எழுதினார். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் அந்த ரத்தத்தில் நீண்டு, வளைந்து, அரிவாள் வடிவத்தில் இருந்தன. அரிவாள் செல் நோய் என்ற பெயர் அந்த வடிவத்திலிருந்து வந்தது. 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும், கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்று காட்டினார்கள். ஒரு நோயின் வேரை ஒரு மூலக்கூறில் கண்டது மருத்துவ வரலாற்றில் அதுவே முதல் முறை. 1956-இல் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிரம் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். 146 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலியில் ஆறாவது மணி மட்டும் மாறியிருந்தது. குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின். மரபணுவில் மாறியிருப்பது ஒரே ஓர் எழுத்து. தமிழில் 'மழை'யில் ஓரெழுத்து மாறினால் 'மலை' ஆகிவிடுவதைப் போல, ஓரெழுத்தில் ரத்தத்தின் குணமே மாறிவிடுகிறது.

நோய் தரும் இப்படி ஒரு மரபணு ஏன் மறையாமல் நிலைத்தது? ஆங்கிலேய உயிரியலாளர் ஹால்டேன், ரத்தக் கோளாறுகள் சில மலேரியாவுக்கு எதிரான கவசமாக இருக்கலாம் என்று 1949-இல் ஊகித்தார். பின்னாளில் இந்தியாவுக்கே வந்து குடியேறி, 1964-இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர் இவர். கென்யாவில் வளர்ந்த அந்தோணி ஆலிசன் ஆப்பிரிக்காவில் அலைந்து ரத்த மாதிரிகள் சேகரித்தார். மலேரியா மிகுந்த கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் இந்த மரபணு அதிகம். குளிர்ந்த மேட்டு நிலத்தில் குறைவு. 1954-இல் அவர் முடிவை வெளியிட்டார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர்கள், அதாவது சுமப்பவர்கள், மலேரியாவிலிருந்து காப்புப் பெறுகிறார்கள். கடுமையான மலேரியாவிலிருந்து கிடைக்கும் அந்தக் காப்பு ஏறக்குறைய 90 சதவீதம் என்று பிற்கால ஆய்வுகள் கணக்கிட்டன.

அந்தக் காப்பு எப்படி வேலை செய்கிறது என்ற ஆய்வு இன்னும் முடியவில்லை. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு வளைந்துபோக, மண்ணீரல் அதை அடையாளம் கண்டு அழித்துவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த இடங்களில் ஒட்டுண்ணியின் வளர்ச்சி தடைப்படுகிறது. சுமப்பவரின் உடல் ஒட்டுண்ணியைக் கொல்வதோடு, அது உண்டாக்கும் நச்சைப் பொறுத்துக்கொள்ளவும் கற்றிருக்கிறது என்று 2011-இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். 2022-இல் காம்பியா, கென்யா குழந்தைகளிடம் செய்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: மலேரியா ஒட்டுண்ணியின் சில வகைகள் இந்தக் கவசத்தையும் தாண்டும் வகையில் தம் மரபணுக்களை மாற்றிக்கொண்டுவிட்டன. மனித ரத்தத்துக்கும் ஒட்டுண்ணிக்கும் நடக்கும் போர் இன்றும் ஓயவில்லை.

இந்தக் கதையில் நீலகிரிக்கு ஓர் இடம் உண்டு. 1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகியோர் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில் அரிவாள் செல் மரபைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் இந்த மரபணு இருப்பதை உலகுக்குச் சொன்ன முதல் அறிக்கைகளில் அது ஒன்று. ராஸ் காய்ச்சலில் விழுந்த மலை, சின்கோனா வளர்ந்த மலை, இந்த மரபணு கண்டறியப்பட்ட மலை எல்லாம் ஒன்றுதான். ஒரே நோய்க்கு மரம் தன் பட்டையில் ஒரு விடை வைத்திருந்தது. மக்கள் தம் ரத்தத்தில் ஒரு விடை வைத்திருந்தார்கள்.

அரிவாள் கையை அறுக்கும்போது

இரண்டு விடைகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மரத்தின் விடையைப் பொட்டலமாகக் கட்டி எல்லோருக்கும் கொடுக்க முடிந்தது. உடலின் விடைக்கான விலையை அந்த மக்களே கொடுக்க வேண்டியிருக்கிறது.

தாய், தந்தை இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தை இரண்டு பிரதிகளையும் பெற்றுவிடும். அந்தக் குழந்தைக்கு அது கவசமாக இருப்பதில்லை, நோயாகிறது.

எளிய பழைய சோதனை ஒன்று உண்டு. விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, ஆக்சிஜனை உறிஞ்சும் ஒரு கரைசலைச் சேர்ப்பார்கள். மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, காற்றுப் புகாமல் ஓரங்களை அடைத்துவிட்டு அரைமணி நேரம் காத்திருப்பார்கள். பிறகு நுண்நோக்கியில் கண்ணை வைத்தால், முதலில் வட்டமாக இருந்த சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக நுனி கூர்ந்து வளைந்து நிற்கும். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகி, சிவப்பணுவை உள்ளிருந்து நெம்பித் தள்ளுகின்றன. கண்ணாடிச் சில்லில் பார்க்கும்போது அது ஒரு வியப்பு. அதுவே ஒரு குழந்தையின் முழங்கால் எலும்புக்குள் நடந்தால் சித்திரவதை.

வளைந்த அணுக்கள் நுண்குழாய்களில் சிக்கி ரத்த ஓட்டத்தை அடைக்கின்றன. கை, கால், முதுகு, மார்பு என்று எங்கு வேண்டுமானாலும் வலி கிளம்பும். இயல்பான சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அரிவாள் அணு 10 முதல் 20 நாளில் சிதைந்துவிடும். அதனால் ரத்தசோகை நீங்காது. இவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத இன்னோர் இழப்பும் உண்டு. குழந்தைப் பருவத்திலேயே மண்ணீரல் அடைபட்டுச் செயலிழக்கிறது. நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டும் உறுப்பு அது. நோயெதிர்ப்பின் காவல்காரன் போன பிறகு, சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கியது ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடலாம். மலேரியாவிலிருந்து இனத்தைக் காத்த மரபணு, தனி ஒரு குழந்தையை மற்ற கிருமிகளிடம் நிராயுதபாணியாக ஒப்படைத்துவிடுகிறது. கதிர் அறுக்க வந்த அரிவாள் கையை அறுத்த கதைதான்.

இன்று நீலகிரிச் சரிவுகளில் மலேரியா பெருமளவு அடங்கிவிட்டது. மரபணு தரும் நன்மைக்குத் தேவை போய்விட்டது. வலி மட்டும் தங்கிவிட்டது.

ஒரு தாயின் உள்ளங்கை

சில ஆண்டுகளுக்கு முன்பு, கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பழங்குடிக் குடியிருப்பில் ஒரு தாயைச் சந்தித்தேன். தென்மேற்குப் பருவமழை நின்று பெய்துகொண்டிருந்தது. அவருடைய மகனுக்கு எட்டு அல்லது ஒன்பது வயது இருக்கும். கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். "மழை பிடிச்சா இவனுக்கு எலும்புக்குள்ள குத்தும்ங்க. குளிர் ஆகாது" என்றார் அவர். பேசிக்கொண்டே பையனைப் படுக்கவைத்து, இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். "இங்க கல்லு மாதிரி இருந்தா உடனே தூக்கிட்டு வரணும்னு சிஸ்டர் சொல்லிக்கொடுத்தாங்க."

அந்தச் செயலுக்குப் பின்னால் ஒரு பொதுச் சுகாதார வரலாறு இருக்கிறது. மண்ணீரலுக்குள் திடீரென ரத்தம் தேங்கி வீங்கினால் சில மணி நேரத்தில் குழந்தை இறந்துபோகலாம். ஜமைக்காவில் 1970-களிலும் 80-களிலும் அரிவாள் செல் மருத்துவமனைக்காரர்கள், மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கும் விதத்தைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். புதிய கருவி எதுவும் வரவில்லை; தாயின் கை இருந்தது. அதனாலேயே அந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

அந்தத் தாய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து மாத்திரைகளைக் காட்டினார். எண்ணி எண்ணி வைத்திருந்தார். தீர்ந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனால் அன்றைய கூலி போய்விடும். பஸ் காசு தனி. ஒருமுறை நடு இரவில் வலியோடு பையனைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இந்த வயதில் இவ்வளவு வலி வர வாய்ப்பில்லை, பையன் நடிக்கிறான் என்று சொல்லி வெறும் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார்களாம். அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை. பழகிப்போயிருந்தது. அது எனக்கு அந்த மழையை விடக் குளிராக இருந்தது.

இருக்கிற மருந்து, போகாத ஊர்

இந்த நோய்க்கு மருந்தே இல்லை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. அது தவறு. குறைந்த செலவில் உயிரையும் வாழ்க்கையையும் காக்கும் வழிகள் கையிலேயே இருக்கின்றன.

முதலாவது, பென்சிலின். 1986-இல் அமெரிக்காவில் முடிந்த ஆய்வில், நோயுள்ள சிறு குழந்தைகளுக்குத் தினம் இருவேளை பென்சிலின் கொடுத்ததில் கடும் நிமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைந்தது. முடிவு அவ்வளவு தெளிவாக இருந்ததால், குறித்த காலத்துக்கு முன்பே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். அதே கிருமிக்கு எதிரான தடுப்பூசி இன்று நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால், பென்சிலின் கொடுப்பதற்குக் குழந்தைக்கு நோய் இருப்பது முதல் சில மாதங்களிலேயே தெரிந்தாக வேண்டும். பிறந்த ஆறு மாதம்வரை கருக்கால ஹீமோகுளோபின் உடலில் இருப்பதால் நோய் வெளியே தெரியாது. வலி வந்த பிறகு கண்டுபிடிப்பது தாமதம். பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிப்பதுதான் வழி.

இரண்டாவது, ஹைட்ராக்சியூரியா. 1869-இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட பழைய வேதிப்பொருள் இது. பிறகு புற்றுநோய் மருந்தானது. குழந்தை பிறந்ததும் அடங்கிப்போகும் கருக்கால ஹீமோகுளோபினை இது மீண்டும் ஊறச் செய்கிறது. அந்த ஹீமோகுளோபின் கலந்தால் சிவப்பணு எளிதில் வளையாது. 1995-இல் வெளியான ஆய்வில் பெரியவர்களுக்கு வலித் தாக்குதல் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. 1998-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆனால் மலேரியாவும் வறுமையும் உள்ள இடத்தில் இதைக் கொடுப்பது ஆபத்து என்ற அச்சம் நெடுநாள் நீடித்தது. 2019-இல் அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளின் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு அந்த அச்சத்தைப் போக்கியது. வலி குறைந்தது, ரத்தம் ஏற்றும் தேவை குறைந்தது, மரணம் குறைந்தது, மலேரியாகூடக் குறைந்தது.

இது விலை மலிவான மாத்திரை. இந்தியாவிலேயே தயாராகிறது, சிறு குழந்தைகளுக்கான திரவ வடிவமும் வரத் தொடங்கியிருக்கிறது. நிபந்தனைகள் இரண்டு. நாள் தவறாமல் ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டும். வெள்ளணுக்கள் அளவுக்கு மீறிக் குறைகின்றனவா என்று அவ்வப்போது ரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டுமே மருந்தின் சிக்கல் அல்ல, தூரத்தின் சிக்கல். நகரத்தில் இருப்பவருக்கு அது தெருமுனை ஆய்வகம். காட்டோரத்தில் இருப்பவருக்கு அது ஒரு நாள் கூலி, இரண்டு பஸ், யானை வரும் வழி.

எண்ணிக்கை போதாது

மத்திய அரசு 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுவரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. 2047-க்குள் நோயை ஒழிப்பது நோக்கம். 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் சோதிக்கப்பட்டவர்கள் 6 கோடியைத் தாண்டிவிட்டார்கள். நைஜீரியா, காங்கோவுக்கு அடுத்தபடியாக இந்நோயோடு அதிகக் குழந்தைகள் பிறக்கும் நாடு இந்தியா. பல பத்தாண்டு காலம் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு நோய்க்கு இவ்வளவு பெரிய முயற்சி நடப்பது பாராட்டுக்குரியது. மனதாரப் பாராட்டுகிறேன். அதனாலேயே இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வி: சோதனைக்குப் பின் என்ன? முகாமில் ரத்தம் எடுத்து, கணினியில் பெயரைப் பதிந்து, அட்டை கொடுத்துவிட்டால் எண்ணிக்கை கூடும், வலி குறையாது. நோய் உறுதியானவர்களில் எத்தனை பேர் இந்த மாதம் மாத்திரை சாப்பிட்டார்கள், எத்தனை குழந்தைகளுக்குப் பென்சிலின் போகிறது, எத்தனை பேருக்கு ரத்த எண்ணிக்கை பார்க்கப்பட்டது என்பவைதான் இயக்கத்தின் வெற்றியை அளக்கும் எண்கள். சோதனை எண்ணிக்கையைப் போலவே இவையும் மாவட்டவாரியாக, மாதந்தோறும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

இரண்டாவது கேள்வி 'ஒழிப்பு' என்ற சொல்லைப் பற்றியது. அம்மையை ஒழிக்கலாம், போலியோவை ஒழிக்கலாம். அவை வெளியிலிருந்து வரும் கிருமிகள். மனிதர்களின் மரபணுவில் எழுதப்பட்டிருப்பதை ஒழிப்பது என்றால் என்ன பொருள்? வலியை ஒழிப்பதா, அந்த மரபணுவோடு பிறக்கிறவர்களைப் பிறக்கவிடாமல் செய்வதா? திட்டம் வகுப்பவர்களின் மனதில் முதலாவது இருக்கலாம். ஆனால், களத்துக்கு வரும்போது சொல் தன் வேலையைக் காட்டும். இருவர் அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, திருமணம் வேண்டாம் என்று சொல்வது எளிது. பென்சிலினை மாதந்தோறும் கொண்டுபோய்ச் சேர்ப்பது கடினம். எளிதானது எப்போதும் கடினமானதை முந்திக்கொள்ளும்.

உலகம் இந்தப் பாதையில் முன்பே இடறியிருக்கிறது. கிரேக்கத்தின் ஒர்க்கோமெனோஸ் என்ற ஊரில் அரிவாள் செல் சோதனை நடத்தி, சுமப்பவர்களுக்கு ஆலோசனையும் சொன்னார்கள். பிறகு போய்ப் பார்த்தபோது, சுமப்பவர்கள் குறையுள்ளவர்களாக ஒதுக்கப்பட்டிருந்தார்கள். வரன் கிடைக்காமல் போய்விடும் என்று முடிவை மறைத்தவர்களும் இருந்தார்கள். 1970-களில் அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குக் கட்டாயச் சோதனைச் சட்டங்கள் வந்தன. நோயே இல்லாத, வெறும் சுமப்பவர்களை விமானப்படை அகாடமி சேர்க்க மறுத்தது. சுமப்பவர் நோயாளி அல்லர் என்பதைச் சொல்லித்தராமல் சோதனையை மட்டும் கொண்டுபோனதன் விளைவு இது.

நம் சூழலில் ஆபத்து இன்னும் கூடுதல். ஏற்கெனவே பல விதங்களில் ஒதுக்கப்பட்ட மக்களின் நெற்றியில் 'ரத்தக் கெடுதல்' என்ற இன்னொரு முத்திரை விழக்கூடாது. சில ஆயிரம் பேரே உள்ள சமூகத்தில், சுமப்பவர்கள் நிறையப் பேர் இருக்கும்போது, சுமப்பவரைக் கட்டாதே என்று சொல்வது சில பெண்களுக்குத் திருமணக் கதவையே சாத்திவிடும். தெரிந்து முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு வேண்டும். கருவிலேயே சோதித்துப் பார்க்கும் வசதியும் விரும்புகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் முடிவு அவர்களுடையது. அட்டை அவர்கள் கையில் இருக்க வேண்டும். ஊர்ச் சுவரில் ஒட்டும் செய்தியாக ஆகிவிடக்கூடாது. இந்த மரபணு, மருந்தும் மருத்துவரும் இல்லாத காலத்தில் உங்கள் முன்னோரைக் காப்பாற்றியது என்ற உண்மையை அவர்கள் மொழியிலேயே சொல்லி ஆலோசனையைத் தொடங்கினால், கேட்கிறவர் தலைகுனிய வேண்டியிராது.

கோடிகளின் மருத்துவம்

இந்த நோயை நிரந்தரமாகத் தீர்க்கும் வழியும் திறந்துவிட்டது. அதன் வேரும் ஓர் எதிர்பாராத இடத்தில்தான் இருக்கிறது. பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு. அந்த வைரஸ்களின் மரபணுத் துணுக்கை நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை வந்தால் வெட்டிப்போடும் கிரிஸ்பர் என்ற நோயெதிர்ப்பு முறையைப் பாக்டீரியாக்கள் வைத்திருக்கின்றன. 2007-இல் அதை ஆய்வில் உறுதிசெய்தவர்கள் தயிர் உறையச்செய்யும் பாக்டீரியாக்களை ஆராய்ந்தவர்கள். அதைக் கத்தரிக்கோலாக்கிய சார்பென்டியே, டௌட்னா இருவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு பக்கம், கருக்கால ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் பூட்டு எது என்பதை 2008 வாக்கில் மரபியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். நோயாளியின் மஜ்ஜைச் செல்களை வெளியே எடுத்து, அந்தப் பூட்டைக் கிரிஸ்பரால் உடைத்து, திரும்ப உடலுக்குள் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. உலகில் அனுமதி பெற்ற முதல் கிரிஸ்பர் மருத்துவம் அரிவாள் செல் நோய்க்கானதுதான்.

அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அதற்கு முன் கடும் வேதிச் சிகிச்சை தேவை. மாதக்கணக்கில் பெரிய மருத்துவமனைப் பராமரிப்பு தேவை. டெல்லியிலுள்ள சிஎஸ்ஐஆரின் மரபணுவியல் ஆய்வு நிறுவனம் இதே நோய்க்கு உள்நாட்டிலேயே ஒரு கிரிஸ்பர் சிகிச்சையை உருவாக்கியிருக்கிறது. 2025 நவம்பரில் பிர்சா முண்டாவின் நினைவாக 'பிர்சா 101' என்ற பெயரில் அது அறிமுகமானது. பெருமைப்பட வேண்டிய வேலை. பழங்குடித் தலைவரின் பெயரைச் சூடியிருக்கும் மருத்துவம் பழங்குடி மக்களுக்கு முதலில் கிடைக்க வேண்டும் என்பதை இப்போதே, விலை நிர்ணயிக்கும் முன்பே, அரசு எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். இந்த நோயுள்ளவர்களின் ரத்தத்தைப் படித்துத்தான் மூலக்கூறு மருத்துவம் என்ற துறையே பிறந்தது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. நாளைய மரபணுக் கத்தரி, இன்றைய பென்சிலினுக்குச் சாக்காகிவிடக் கூடாது. எட்டு வயதுப் பையன் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டினால்தான் எந்தக் கண்டுபிடிப்பும் அவனுக்குப் பயன்படும்.

பையில் ஓர் இடம்

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அந்தச் சுகாதாரத் தன்னார்வலரின் பையில் ஹைட்ராக்சியூரியாவுக்கும் பென்சிலினுக்கும் போலிக் அமிலத்துக்கும் நிரந்தர இடம் வேண்டும். நீலகிரி, கோவை, ஈரோடு, சேலம், தருமபுரி என்று பழங்குடி மக்கள் வாழும் ஒன்றியங்களில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் குதிகால் ரத்தச் சோதனை நடக்க வேண்டும். ரத்த எண்ணிக்கை பார்க்கும் கருவி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இயங்க வேண்டும். வலியோடு வருபவரை நடிக்கிறார் என்று சொல்லாமல், முதல் அரைமணி நேரத்துக்குள் தக்க வலி நிவாரணி கொடுக்க வேண்டும் என்பது எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எழுதப்பட்ட விதியாக வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த நோயையும் சேர்த்திருக்கிறது. அந்தச் சான்றிதழுக்காக ஒருவர் மலையிறங்கி அலையாமல், முகாம் மலையேற வேண்டும். மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கும் கல்வி எல்லாத் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் கிடைக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றுக்கும் புதிய ஆராய்ச்சி தேவையில்லை. அறிவியல் தன் பங்கை ஏற்கெனவே செய்துவிட்டது.

நடுவட்டத்தில் சின்கோனா நட்ட அரசு அந்த மக்களுக்குச் சொந்தமான அரசு இல்லை. அதற்கே, மருந்து ஆட்களைத் தேடிப் போக வேண்டும் என்பது புரிந்திருந்தது. காலணாப் பொட்டலம் தபால் ஆபீஸுக்குப் போனது. இன்று அரசு நம்முடையது. மாத்திரையும் நம் ஊரில் தயாராகிறது. இனி அந்தத் தாய், மழை பிடிக்கும் முன்பே, அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று எண்ண வேண்டிய நிலை இருக்கக்கூடாது.